குசினிக் கேள்வி பதில்: பழத்தைக் கண்டா வாயை மூடுற பிள்ளைக்கு மஃபின்

போன மாசம் வாழைப்பழ மஃபினைப் பற்றி ரெண்டு வரி சும்மா எழுதி விட்டனான், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கேல்லை. மஃபின் பிழைச்சுப் போச்சு எண்டு எழுதின ஆக்களை விட பிள்ளை சாப்பிடுறான் இல்லை எண்டு எழுதின ஆக்கள்தான் கூட. எல்லாருக்கும் தனித்தனிய எழுத இடம் காணாது, ஒரே மாதிரிக் கேள்வியளை ஒண்டாச் சேர்த்துப் போட்டிருக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, என்ர மகனுக்கு நாலு வயசு. பழம் எண்டால் ஒண்டும் தொடமாட்டான். வாழைப்பழம் கையில பிசுபிசுக்குதாம், மாம்பழத்தில தும்பு பல்லுக்க போகுதாம், பப்பாசியைக் கண்டாலே ஓங்காளிக்கிறான். ஆனா கேக், பணிஸ், பிஸ்கட் எண்டால் எவ்வளவும் சாப்பிடுவான். அதால பழத்தை நல்லா அரைச்சு மஃபினுக்குள்ள போட்டு அவனுக்குத் தெரியாமல் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். எந்தப் பழம் போட்டால் கண்டுபிடிக்கமாட்டான்? அளவும் சொல்லுங்கோ. மாமி வேற நெடுக "பிள்ளை மெலிஞ்சு போனான்" எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறா. (கோண்டாவிலில இருந்து ஒரு அம்மா)

பதில்: தங்கச்சி, அளவு தாறன், ஆனா அதுக்கு முதல் அந்த "தெரியாமல்" எண்ட சொல்லில எனக்கு ஒரு சண்டை இருக்கு.

நானும் இந்த வேலை பார்த்தனான். என்ர ரெண்டாவது மகளுக்கு அப்ப அஞ்சு வயசு, பப்பாசி எண்டால் காததூரம் ஓடுவாள், நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி பப்பாசியை மசிச்சு கொக்கோப் பவுடரும் போட்டு நிறத்தை மறைச்சு மஃபின் செய்து குடுத்தன், மூண்டு கிழமை ஒரு கதையில்லை, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள், நான் மாமியிட்டயும் அயலிலயும் பெருமை வேற அடிச்சன். ஒருநாள் தண்ணி குடிக்க குசினிக்க வந்தவள் நான் பப்பாசியைக் கரண்டியால சுரண்டிறதைக் கண்டிட்டாள். அழேல்லை, ஒண்டும் சொல்லேல்லை, அப்பிடியே திரும்பிப் போயிட்டாள். அண்டையில இருந்து மஃபின் மட்டுமில்லை, கேக், றோல்ஸ், புட்டுக்குள்ள வைக்கிற மாம்பழத் துண்டு வரைக்கும் பிச்சு விரிச்சுப் பார்க்காமல் வாயில வைக்கமாட்டாள். இப்ப அவளுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுது, றோல்ஸை இண்டைக்கும் பிச்சுப் பார்த்துத்தான் சாப்பிடுறாள். பப்பாசி ஒரு கிலோ மூண்டு கிழமையில உள்ள போனது, நம்பிக்கை போனது திரும்பி வர வருசக்கணக்காச்சு.

அதால நான் சொல்லுறது என்னெண்டால், பழத்தை அரைச்சுப் போடுங்கோ, ஆனா சொல்லிப் போட்டுப் போடுங்கோ. முடிஞ்சா அவனையே கொண்டு போட வையுங்கோ.

ரெண்டு வயசில இருந்து ஆறு வயசு மட்டும் புதுச் சாப்பாட்டைக் கண்டால் பயப்பிடுறது பிள்ளையளின்ர இயல்பு, உங்கட பிள்ளை மட்டும் விசேசம் இல்லை, நீங்கள் பிழையா வளர்க்கவும் இல்லை. ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏத்துக்கொள்ள எட்டுத் தரத்தில இருந்து பதினைஞ்சு தரம் வரைக்கும் கண்ணில காட்டவேண்டி வரலாம் எண்டு சத்துணவு படிச்ச ஆக்கள் சொல்லுவினம். நாங்கள் என்ன செய்யிறம்? மூண்டாம் தரம் துப்பின உடன "இவனுக்கு மாம்பழம் பிடியாது" எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப் போடுவம், அவனும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்து "எனக்கு மாம்பழம் பிடியாது" எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொல்லத் தொடங்கிடுவான். காட்டுறது எண்டால் தின்ன வைக்கிறது இல்லை. தோல் உரிக்கிறது, மணந்து பார்க்கிறது, கையால பிசையிறது, நாக்கில தொட்டிட்டுத் துப்புறது, எல்லாம் கணக்கில சேரும். கோப்பைக்குள்ள வாழைப்பழத்தைப் போட்டு முள்ளுக்கரண்டியால மசிக்கக் குடுங்கோ, கையில ஒட்டுற பிரச்சினையும் இல்லை, பழத்தோட பழக்கமும் வரும்.

அமெரிக்காவில எலின் சாற்றர் எண்டு ஒரு சத்துணவு நிபுணர், அவ சொன்ன ஒரு கதை எனக்குச் சரியான விருப்பம். என்ன குடுக்கிறது, எப்ப குடுக்கிறது, எங்க இருத்திக் குடுக்கிறது, இது மூண்டும் தாய் தகப்பன்ர வேலை, சாப்பிடுறதா இல்லையா, எவ்வளவு சாப்பிடுறது எண்டது பிள்ளையின்ர வேலை. எங்கட வீடுகளில இது தலைகீழ். என்ன வேணும் எண்டு பிள்ளையிட்டக் கேட்டுச் சமைச்சுப் போட்டு, எவ்வளவு சாப்பிடவேணும் எண்டதை நாங்கள் தெண்டிச்சுத் தெண்டிச்சு தீத்திவிடுவம்.

இனி மாமியின்ர கதை. பிறந்த பிள்ளை ஒரு வருசத்தில பிறந்த நிறையைப் போல மூண்டு மடங்கு ஆகும், பேந்து அந்த வேகம் இல்லை, ரெண்டு வயசுக்குப் பிறகு வருசத்துக்கு ரெண்டு கிலோ அளவில கூடினால் அதுவே போதும். உடம்பு கேட்கிறது குறையேக்க பசியும் குறையுது, உயரம் போகேக்க மெலிஞ்ச மாதிரித் தெரியுது. மெலிஞ்சானோ இல்லையோ எண்டு மாமியின்ர கண்ணிட்டக் கேளாதேங்கோ, கிளினிக் கொப்பியில இருக்கிற கோட்டிட்டக் கேளுங்கோ. கோடு அவன்ர பாதையில போகுதெண்டால் நித்திரை கொள்ளுங்கோ. கோடு கீழ இறங்குது, இல்லாட்டி கட்டியாச் சாப்பிட்டால் புரைக்கேறுது, சத்தி எடுக்கிறான், போன மாசம் சாப்பிட்ட சாமானையும் இப்ப ஒண்டொண்டா விட்டுக்கொண்டு வாறான் எண்டால் டொக்டரிட்டக் காட்டுங்கோ, மஃபினால அது சரிவராது.

இன்னொண்டு, ஒருநாள் முழுக்க அவனுக்கு எத்தினை கப் பால்மா கரைச்சுக் குடுக்கிறியள் எண்டு எண்ணிப் பாருங்கோ. நாளைக்கு அரை லீற்றருக்கு மேல பால் போனால் வயிறு நிரம்பிடும், பேந்து பழத்துக்கு எங்க இடம்? இதில நாலு மணிக்குத் தேத்தண்ணியும் நாலு மாரி பிஸ்கட்டும். தேத்தண்ணி சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்பில சேரவிடாது, நாலு வயசுக்கு அது தேவையில்லை.

சரி, அளவு. பன்னிரெண்டு மஃபினுக்குச் சொல்லுறன். கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் ரெண்டு தேக்கரண்டி மட்டமா, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு நுள்ளு, கறுவாத்தூள் விருப்பம் எண்டால் அரைத் தேக்கரண்டி, எல்லாத்தையும் அரிதட்டில ஒருக்கா அரிச்செடுங்கோ. வேற பாத்திரத்தில தோல் உரிச்ச வாழைப்பழம் 300 கிராம் மசிச்சு, சிவப்புச் சீனி 100 கிராம், முட்டை ரெண்டு, எண்ணெய் இல்லாட்டி உருக்கின பட்டர் 80 மில்லிலீற்றர், தயிர் நாலு மேசைக்கரண்டி போட்டு வடிவாக் கலவுங்கோ. தராசு இல்லாத ஆக்கள் 240 மில்லிலீற்றர் கப்பால ரெண்டு கப் மா எண்டு எடுக்கலாம், மாவை அமத்தி அமத்தி நிரப்பாதேங்கோ. பால்பேணியால அளந்து போட்டு எனக்குக் கடிதம் எழுதாதேங்கோ, அது கப்பை விடப் பெரிசு.

பிறகு ஈரத்தை மாவுக்க ஊத்தி அகப்பையால பத்துப் பன்னிரெண்டு பிரட்டல், அவ்வளவுதான். இஞ்சதான் எங்கட ஆக்கள் கோட்டை விடுறவை. கேக்குக்கு பட்டரும் சீனியும் அடி அடியெண்டு அடிச்சுப் பழகின கை, மஃபினையும் பீட்டரைப் போட்டு அடிக்கும், அப்ப மாவில இருக்கிற குளூட்டன் எண்ட பசைப் புரதம் இழுபட்டு இறுகிப்போகும், மஃபின் றப்பர் மாதிரி வரும், வெட்டிப் பார்த்தால் உள்ளுக்க புழுத் துளைச்ச மாதிரி நீட்டு ஓட்டையள் இருக்கும். கலவையில மாக்கட்டி ரெண்டு மூண்டு தெரிஞ்சால் தெரியட்டும், வேகேக்க கரைஞ்சிடும். நாலு வயசுப் பிள்ளைக்கு இதை விட நல்ல வேலை இல்லை, அவன் பன்னிரெண்டு பிரட்டலோட அலுத்துப்போய் ஓடிடுவான், அதுதான் சரியான அளவு.

ஓவனை முன்கூட்டியே ஒரு கால் மணித்தியாலம் சூடாக்கி வையுங்கோ. முதல் அஞ்சு நிமிசம் 200 பாகை, பேந்து 180 க்குக் குறைச்சு ஒரு பதினைஞ்சு நிமிசம். முதல் சூட்டிலதான் தலை குமிஞ்சு எழும்பும். ஈர்க்கால குத்திப் பார்த்தால் ஒட்டக்கூடாது. இடையில கதவைத் திறந்து திறந்து பார்த்தால் நடு இறங்கிப்போகும்.

பழம் எது எண்டால், தோலில கறுப்புப் புள்ளி விழுந்து சாப்பிட ஆளில்லாமல் தொங்கிற சீப்புத்தான் திறம். வாழைக்காயில இருக்கிற மாச்சத்து பழுக்கப் பழுக்கச் சீனியா மாறும், அதால அப்பிடிப்பட்ட பழம் போட்டால் நீங்கள் போடுற சீனியைக் குறைக்கலாம். இதரை நல்லா மசியும். கதலியில லேசா ஒரு புளிப்பு இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். நீர்வேலிப் பக்கத்து ஆக்களுக்கு நான் வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லப்போனால் சிரிப்பினம், அதால இதோட விடுறன். மாம்பழம் எண்டால் கறுத்தக்கொழும்பானைக் கரைச்சு அரிதட்டில வடிச்சு தும்பை எடுத்துப்போட்டு, அடுப்பில வச்சு மூண்டில ஒரு பங்கு வத்த விட்டு ஆறவைச்சுப் போடுங்கோ, மாம்பழத்தில நூறு கிராமில எண்பது கிராமுக்கு மேல தண்ணிதான், அப்பிடியே போட்டால் உள்ளுக்க களியா நிண்டிடும்.

முதல் ரெண்டு கிழமை நல்லா மசிச்ச பழம் மட்டும். பேந்து அரைவாசி மசிச்சது, அரைவாசி சின்னத் துண்டு. அதுக்குப் பிறகு மஃபினுக்கு மேல ஒரு வட்டத் துண்டு வாழைப்பழம் வச்சு வேகவிடுங்கோ, அவன் அதைக் கிள்ளி எறிஞ்சிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டால் ஒண்டும் சொல்லாதேங்கோ. ஒவ்வொரு தரமும் கோப்பையில மஃபினுக்குப் பக்கத்தில ஒரு சின்னத் துண்டு வேகவைக்காத பழம் சும்மா கிடக்கட்டும், சாப்பிடு எண்டும் சொல்லவேண்டாம், சாப்பிட்டால் கை தட்டவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு மினக்கெடச் சொல்லுறன் எண்டால், கணக்குப் பாருங்கோ. 300 கிராம் பழத்தைப் பன்னிரெண்டாப் பிரிச்சால் ஒரு மஃபினுக்கு 25 கிராம், அது ஒரு கதலியில ஏறக்குறையப் பாதி. சீனி எட்டுக் கிராமுக்கு மேல, ரெண்டு தேக்கரண்டி. நாளைக்கு 1300 கலோரி சாப்பிடுற பிள்ளைக்கு உலக சுகாதார அமைப்புச் சொல்லுற பத்து வீதக் கணக்கில சேர்க்கிற சீனி 32 கிராமுக்குள்ள இருக்கவேணும், அஞ்சு வீதத்துக்குள்ள நிண்டால் இன்னும் நல்லது எண்டும் சொல்லுறவை, அப்பிடியெண்டால் 16 கிராம். ரெண்டு மஃபினோட அது முடிஞ்சுது. ஆகவே பழம் போட்ட மஃபினும் கேக்தான் தங்கச்சி, பழத்தின்ர இடத்தில அதை வைக்கேலாது, பழத்தை அவனுக்குப் பக்கத்தில கொண்டுவந்து இருத்திறதுக்குத்தான் அது.

கேள்வி: நீங்கள் போன மாசம் எழுதினதைப் பார்த்துச் செய்தன் அக்கா, ஆனா மஃபின் எழும்பவே இல்லை, பேப்பரை உரிச்ச உடன புட்டு மாதிரி உதிர்ந்து கொட்டுண்டுது. பிள்ளை "அம்மா இதுக்குச் சம்பல் இல்லையோ" எண்டு கேட்கிறாள். (சாவகச்சேரி வாசகி)

பதில்: உங்கட மகளுக்கு நல்ல வாய். ஒண்டு கேட்கிறன், நீங்கள் மா எடுத்தது எந்தப் போத்தலில? இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அவிச்சு அரிச்சு வச்ச மாவிலயோ? அதுதான் சங்கதி, எனக்கு நூறு வீதம் நம்பிக்கை. கோதுமை மாவை நாங்கள் அவிக்கிறதே அந்தப் பசைத்தன்மையை எடுக்கத்தான், அவிஞ்ச மாவில குளூட்டன் செத்துப்போகும், அதால புட்டு உதிரியா வரும், இடியப்பம் ஒட்டாமல் வரும். மஃபினுக்கு அந்தக் குளூட்டன் கொஞ்சம் வேணும், காத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அதுதான். பச்சை மாவில செய்யுங்கோ. குரக்கன் மா சேர்க்க விருப்பம் எண்டால் நாலில ஒரு பங்குக்கு மேல போகாதேங்கோ, குரக்கனில குளூட்டன் இல்லை, அதிலயும் திரும்பப் புட்டுத்தான் வரும். ரெண்டு போத்தலிலயும் பேர் எழுதி ஒட்டுங்கோ, என்ர வீட்டில ஒட்டியிருக்கு, ஏன் எண்டு கேளாதேங்கோ.

கேள்வி: ரெண்டு தரம் செய்தன், ரெண்டும் பிழை. முதல் தரம் கறுத்த முந்திரிகைப்பழம் (திராட்சை) போட்டன், வெந்து வந்து பார்த்தால் பழத்தைச் சுத்திப் பச்சையும் நீலமுமா ஒரு நிறம், பூஞ்சணம் எண்டு பயந்து கோழிக்குப் போட்டிட்டன். அடுத்த தரம் அன்னாசி, காலமை நேரம் காணாது எண்டு இரவே தயிரோட கலந்து பிரிட்ஜில வச்சன், வெந்த பிறகு ஒரே கைப்பு. மகன் இப்ப மஃபின் எண்டாலே முகத்தைத் திருப்புறான். (மானிப்பாய் வாசகி)

பதில்: கோழியளுக்கு நல்ல காலம். அது பூஞ்சணம் இல்லை, தாராளமாச் சாப்பிட்டிருக்கலாம். முந்திரிகைத் தோலில இருக்கிற ஊதாச் சாயம் புளிப்போட சேர்ந்தால் சிவக்கும், சோடா மாதிரிக் காரத்தோட சேர்ந்தால் நீலமாகும், பச்சையாகும். நாவற்பழத்துக்கும் இதே கதைதான். நீங்கள் அப்பச்சோடாவைக் கூடப் போட்டிருக்கிறியள், கடிச்சால் லேசாச் சவுக்கார மணமும் வந்திருக்கும். இந்தப் பழங்களுக்குச் சோடாவை விட்டிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கோ, பாலுக்குப் பதிலாத் தயிர் விடுங்கோ. அதோட முந்திரிகைப்பழத்தை முழுசாப் போடாதேங்கோ, மஃபினுக்க மட்டுமில்லை, கையில குடுக்கேக்கயும்தான், அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளையளுக்கு அது தொண்டைக்குழியை அப்பிடியே அடைக்கிற அளவு. நெடுக்காக நாலா வெட்டிக் குடுங்கோ.

அன்னாசியில புரதத்தை அறுக்கிற ஒரு நொதியம் இருக்கு, அதுதான் கனக்கச் சாப்பிட்டால் நாக்கு அரிக்கிறது. இரவு முழுக்க அது தயிரின்ர புரதத்தைத் தின்டு கைப்பாக்கிப் போட்டுது. பப்பாசியும் பாலும் சேர்த்து வச்சால் இதே மாதிரித்தான். அன்னாசியைச் சின்னனா வெட்டி ஒரு கரண்டி சீனியோட அடுப்பில வச்சு, கொதிச்சுத் தண்ணி வத்தினால் அந்தக் குணம் போயிடும். கலவையையும் இரவே கலக்காதேங்கோ, பேக்கிங் பவுடரின்ர வீரியம் விடியமுதலே முடிஞ்சிடும். மாவை ஒரு பாத்திரத்திலயும் ஈரத்தை இன்னொண்டில பிரிட்ஜிலயும் வச்சிட்டு காலமை ஒண்டாக்குங்கோ, ரெண்டு நிமிச வேலை.

கேள்வி: நேர்சரிக்குக் குடுத்துவிட எத்தினை நாள் வச்சிருக்கலாம்?

பதில்: எங்கட வெக்கைக்கு வெளியில ரெண்டு நாள், அதுவும் ஆறின பிறகு மூடினால். சூட்டோட பெட்டியில போட்டால் அடுத்த நாளே நூல் விடும். கூடச் செய்தால் பிரீசரில போடுங்கோ, ரெண்டு மாசம் இருக்கும், இரவு எடுத்து வெளியில வச்சால் காலமை சரி. கச்சானோ கஜூவோ போட்டிருந்தால் ரீச்சரிட்ட ஒரு சொல் சொல்லிவிடுங்கோ, பிள்ளையள் பங்குபோட்டுச் சாப்பிடுங்கள், பக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் ஒரு அப்பா. மனுசிக்கு வேலை கூட எண்டபடியால் மகளுக்கு மஃபின் செய்யிறது நான்தான், அவளும் இப்பதான் வாழைப்பழ மஃபினுக்குப் பழகிக்கொண்டு வாறாள். நல்லூர்க் கொடியேறினால் வீட்டில முட்டை உள்ளட ஏலாது, இருபத்தஞ்சு நாளும் சைவம். இடையில விட்டால் பழக்கம் போயிடுமோ? முட்டை இல்லாமல் செய்யலாமோ? (இணுவிலில இருந்து ஒருத்தர்)

பதில்: வாங்கோ தம்பி, இந்தப் பக்கத்துக்கு ஆம்பிளை ஆள் கேள்வி எழுதுறது குறைவு, சந்தோசம். விடத் தேவையில்லை. முட்டை செய்யிற வேலை ரெண்டு, ஒண்டு பிடிச்சு வைக்கிறது, மற்றது எழுப்பி விடுறது. பிடிச்சு வைக்கிறதுக்கு வாழைப்பழமே காணும், ஒரு முட்டைக்கு கால் கப் மசிச்ச பழம் எண்டு கணக்கு, ஆனா ரெண்டு முட்டைக்கும் பழத்தையே போட்டால் சரியான பாரமா வரும், அதால ஒண்டுக்குப் பழம், ஒண்டுக்குக் கால் கப் தயிர். எழுப்புறதுக்கு அப்பச்சோடாவை அரைத் தேக்கரண்டியாக்கி, ஈரக் கலவையில ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி விடுங்கோ, மாவோட சேர்ந்த உடன பொங்கும், அந்தப் பொங்கல் அடங்க முதல் கப்பில ஊத்தி ஓவனுக்க தள்ளவேணும். ஊத்தி வச்சிட்டு போன் கதைக்கப் போனீங்கள் எண்டால் சப்பட்டைதான். நிறம் கொஞ்சம் குறைவா இருக்கும், பனங்கட்டியைச் சீவி சீனிக்குப் பதிலாப் போட்டால் நிறமும் வரும், மணமும் வரும். மகளிட்ட ஏன் இந்த முறை முட்டை இல்லை எண்டு சொல்லிச் செய்யுங்கோ, திருவிழாவுக்கெண்டு செய்த சாமான் எண்டால் பிள்ளையளுக்கு அது தனி ருசி.

கேள்வி: எங்களிட்ட ஓவன் இல்லை, காஸ் அடுப்பு மட்டும்தான், அதுவும் ஒண்டு எரியாது. மஃபின் எண்டால் எங்களுக்குச் சரிவராதோ? (நெடுந்தீவு வாசகி)

பதில்: ஏன் சரிவராது? 1990 இல யாழ்ப்பாணத்தில கரண்ட் போனது, பேந்து கன வருசம் வரேல்லை, அந்தக் காலத்திலயும் பிள்ளையளின்ர பிறந்தநாளுக்கு இஞ்ச கேக் வெந்ததுதான். என்ர அம்மா பெரிய சட்டிக்குள்ள மணல் பரப்பி, அதுக்குள்ள கேக் தட்டை வச்சு, தகர மூடியால மூடி, மூடிக்கு மேல சிரட்டைத் தணலை அள்ளிப் போடுவா. கீழயும் நெருப்பு மேலயும் நெருப்பு. ஒருக்கா மூடியை எடுக்கேக்க சாம்பல் கேக்கில கொட்டுண்டு போச்சு, அவ மேல் பக்கத்தைச் சீவிப்போட்டு "இது புது மாதிரிக் கேக்" எண்டு தந்தா, நாங்களும் நம்பினம்.

உங்களுக்குத் தணல் வேண்டாம். அடி தடிச்ச அலுமினியச் சட்டியில ஒரு விரல் மொத்தத்துக்கு மணல் போட்டு, ஒரு சின்ன வளையம் வச்சு, மூடி நடு நெருப்பில பத்துப் பதினைஞ்சு நிமிசம் சூடாக்குங்கோ, பேந்து மஃபின் கப்பை ஒரு தட்டில அடுக்கி உள்ள வச்சு, நெருப்பைக் குறைச்சு இருபத்தஞ்சு நிமிசம் அளவில விடுங்கோ. ஒட்டாத பூச்சுப் பூசின சட்டியில இதைச் செய்யாதேங்கோ, தண்ணியில்லாத சூட்டில பூச்சுப் பழுதாகி கெட்ட புகை வரும். தணல் போட்டுத்தான் செய்யிறதெண்டால் முத்தத்தில செய்யுங்கோ, கதவு சாத்தின குசினிக்க தணல் புகை ஆளைக் கொல்லும். மணலும் வேண்டாம் எண்டால் இட்லிச் சட்டியில பதினைஞ்சு நிமிசம் அவியுங்கோ, மூடிக்குக் கீழ ஒரு துணி கட்டினால் தண்ணி சொட்டாது. மேல பொன்நிறம் வராது, ஆனா பஞ்சு மாதிரி இருக்கும், மொறுமொறுப்புப் பிடிக்காத பிள்ளையளுக்கு இதுதான் கூடப் பிடிக்குது எண்டதை நான் என்ர பேரனிட்டக் கண்டனான்.

கேள்வி: பிள்ளை, நான் எழுபது தாண்டின ஆள். மருமகள் உம்மட பக்கத்தை வாசிச்சிட்டு பேத்திக்கு மஃபின் மஃபின் எண்டு நிக்கிறாள். எங்கட காலத்தில பனங்காய்ப் பணியாரம் எண்டு ஒண்டு இருந்தது, அதுவும் பழம்தானே, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? (வட்டுக்கோட்டையில இருந்து ஒரு அப்பம்மா)

பதில்: ஓம் அம்மா, பிழை என்னிலதான். பனம்பழத்தைச் சுட்டு, தோல் உரிச்சு, களியைப் பிழிஞ்சு, சீனியோட காய்ச்சி, மா சேர்த்துக் கிள்ளிப் போட்டுப் பொரிச்சால் வீடு முழுக்க மணக்கும், அந்த மணத்துக்கு முன்னால மஃபின் நிக்கேலாது. சின்னப் பிள்ளையளுக்கு ரெண்டு இடத்தில இடிக்கும், ஒண்டு தும்பு, மற்றது கசப்பு. தும்புக்கு மெல்லிய வேட்டித் துணியில ரெண்டு தரம் வடியுங்கோ. கசப்பு, களியில இருக்கிற ஃபிளபெலிஃபெரின் எண்ட பொருளால வாறது, மரத்துக்கு மரம் அது கூடிக் குறையும், அதால பழத்தைச் சுட முதல் ஒரு துளி நாக்கில வச்சுப் பாருங்கோ, கசக்கிற மரத்துப் பழத்தைப் பினாட்டுக்கு, அதுதான் களியை வெயிலில காயவைச்சு எடுக்கிறதுக்கு, விடுங்கோ. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை, மருமகளுக்காகத்தான் எழுதுறன்.

மருமகளோட சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்டு செய்யுங்கோ. மேல சொன்ன அளவில வாழைப்பழம் 300 கிராமுக்குப் பதிலா, காய்ச்சி ஆறின பனங்களி 150 கிராமும் வாழைப்பழம் 150 கிராமும் போடுங்கோ, களி காய்ச்சேக்கயே சீனி சேர்த்திருந்தால் மஃபினுக்கான சீனியில அந்தளவைக் குறையுங்கோ, களி தடிப்பா இருந்தால் ரெண்டு கரண்டி தயிர் கூட. நிறம் நல்ல மஞ்சளா வரும். பனம்பழம் பொறுக்கப் போகேக்க பேத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவள் பொறுக்கின பழத்தை அவளே பிசையட்டும், உடுப்பு மஞ்சளாகும், போகாது, பழைய சட்டை போட்டு விடுங்கோ. வெந்ததும் முதல் ஒண்டை நீங்கள் சாப்பிட்டிட்டு எப்பிடி எண்டு எனக்கு எழுதுங்கோ, அடுத்த மாசம் போடுறன்.